துவித இலக்கங்களும் பிரிபடாக் காரணிகளும்

இரண்டினை அடியாகக் கொள்ளின் 0, 1 என்னும் ஈரிலக்கங்களாலேயே எவ்வெண்ணையும் எழுதலாம். 25 இம்முறையில் 11001 ஆகும். இவ்விலக்கங்களைக் குணகங்களாக்க, ய⁴ + ய³ + 1 என்னும் பல்லுறுப்பி பிறக்கும். ய இற்கு 2 ஐப் பிரதியிட, பழைய 25 மீளும். எண் முதன்மைக் காரணிகளாகப் பிரிவதுபோலப் பல்லுறுப்பியும் நிறைவெண் குணகங்களையுடைய, மேலும் பிரிபடாத காரணிகளாகப் பிரியும். இவ்விரு பிரிவுகளும் எத்துணை ஒத்துச் செல்கின்றன என்பதே ஈண்டு வினா.

சிறிய எண்களில் ஒற்றுமை வியக்கத்தக்கது. 21 இன் துவித வடிவம் 10101. அதற்குரிய ய⁴ + ய² + 1 ஆனது (ய² + ய + 1)(ய² − ய + 1) எனப் பிரியும்; ய = 2 எனின் அவை 7 உம் 3 உம் ஆம். மீண்டு வருவனவற்றையும் சேர்த்து எண்ணின், 2 முதல் 24 வரை இரு பக்கத்துக் காரணித் தொகைகளும் சமமே. 25 இல் இவ்வொற்றுமை குலைகின்றது. 25 என்பது 5 × 5. அதன் பல்லுறுப்பியோ பிரிபடாது. 5 இற்குரிய ய² + 1 ஐ வர்க்கிக்க ய⁴ + 2ய² + 1 வரும். துவிதத்தில் 2 என்னும் இலக்கம் இல்லாமையால் அது அடுத்த இடத்திற்கு ஒன்றாக ஏற்றப்படுகின்றது. 2ய² இருந்த இடம் வெறுமையாகி ய³ தோன்றுகின்றது. எண்ணின் பெறுமானம் மாறவில்லை, பல்லுறுப்பியோ வேறாகிவிட்டது. ஏற்றம் எப்போதும் இவ்வாறு குலைப்பதன்று. 9 இலும் ஏற்றம் உண்டு. எனினும் ய³ + 1 ஆனது (ய + 1)(ய² − ய + 1) எனப் பிரிந்து 3 × 3 ஐ நல்குகின்றது.

குலைவு ஒரு திசையிலேயே நிகழும்: பல்லுறுப்பியின் காரணிகள் எண்ணின் காரணிகளிற் குறையலாம், மிகா. 0, 1 ஆகியவற்றையே குணகங்களாகவுடைய பல்லுறுப்பியின் மூலம் எதுவாயினும் அதன் மெய்ப்பகுதி 3/2 இலும் சிறிது. சிக்கலெண் தளத்தில் அம்மூலம் 2 ஐ விட 1 இற்கே அண்மையிலுள்ளது. ஆதலின், குறியை நீக்கிப் பார்க்கின், ஒவ்வொரு காரணியும் ய = 1 இற் கொள்ளும் பெறுமானத்திலும் ய = 2 இற் கொள்ளும் பெறுமானம் பெரிது. முன்னது பூச்சியமாகாத நிறைவெண். எனவே பின்னது 2 இற்குக் குறையாது. காரணிதோறும் ஒரு முதன்மை எண்ணேனும் வேண்டப்படுதலால், முதன்மை எண்ணிற் பிறந்த பல்லுறுப்பி பிரிபடாது. பத்தடிக்குரிய இத்தேற்றம் கோன் என்பாரது. 1925 இல் போலியா, செகோ ஆகியோரின் நூலில் வெளிவந்தது. 1981 இல் பிறில்காட், பிளாசெற்றா, ஒட்லிஸ்கோ ஆகியோர் இரண்டு உட்பட எல்லா அடிகளுக்கும் அதனை விரித்தனர்.

எண்கள் பெருகுமிடத்து இரு பக்கமும் எதிரெதிராகச் செல்லுதல் இதனினும் சுவையுடைத்து. பெரும்பாலான எண்களின் முதன்மைக் காரணித் தொகை, அவ்வெண்ணினது இயற்கை மடக்கையின் மடக்கையை ஒட்டி, மெதுவாயினும் எல்லையின்றி வளர்வதை 1917 இல் ஆர்டியும் இராமானுசனும் காட்டினர். பல்லுறுப்பிகளிலோ, 1993 இல் ஒட்லிஸ்கோவும் பூனனும் மாறிலி உறுப்பு 1 ஆகவுள்ளவற்றுள், படி உயர உயர, ஏறக்குறைய எல்லாமே பிரிபடாதன என ஊகித்தனர். (இரட்டை எண்களை விலக்குதல் தகும், இறுதிப் பூச்சியம் ஒவ்வொன்றும் ய என்னும் காரணியைத் தந்துவிடும்.) 2019 இல் புறூயாரும் வார்யூவும் இவ்வூகத்தை நிறுவினர், ஆயின் றீமன் கருதுகோளின் விரிந்த வடிவமொன்றை ஆதாரமாகக் கொண்டே நிறுவினர். அக்கருதுகோளின் துணையின்றி 1999 இல் கொன்யாகின் பெற்ற கீழெல்லை இதனிற் சிறிது: பிரிபடாதவற்றின் பங்கு, படியின் மடக்கைக்கு நேர்மாறான ஓர் அளவிற்குக் குறையாது. முதன்மை எண்களின் பங்கோ படிக்கே நேர்மாறாய் அருகுவது. ஆதலின் போதிய பெரும் படிகளில், 25 ஐப் போலத் தாம் பிரிந்தும் தம் பல்லுறுப்பி பிரிபடாத எண்கள் முதன்மை எண்களிலும் மிகப் பலவாதல் இவ்வெல்லையாலேயே பெறப்படும்.