முதலில் சீப்பு, பிறகு குட்டி

போன ஆடியில் மதுரை திருநகரில் அக்கா வீட்டு நாய்க்குட்டிக்கு முடி எடுத்தோம். மெஷினை வைத்ததும் முடி இழை இழையாக விழவில்லை. கம்பளித் துண்டு போல ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்து, சில இடங்களில் ஈரம் கசிந்தது. இடது காதுக்குப் பின்னால் நாயுருவி விதைகள், அவற்றோடு இரண்டு உண்ணிகள். பத்து மாதக் குட்டி. முந்தைய நாள் வரை பார்த்தவர்களெல்லாம் பொம்மை மாதிரி இருக்கிறது என்று கொஞ்சினார்கள். அக்காவும் தினமும் சீவிக்கொண்டுதான் இருந்தாள், மேலாக.

எங்கள் சிறுவயதில் இந்தப் பக்கத்தில் புசுபுசு நாய் என்றால் பொமரேனியன்தான். அந்தப் பெயரில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். வீடெல்லாம் முடி பறக்கும், அதைத் திட்டிக்கொண்டே பெருக்குவார்கள். இப்போது அக்கா வீட்டுக் குட்டியைப் போல, மால்டீஸ், காக்கர், ஷிட்சு ஆகியவற்றோடு பூடிலைச் சேர்த்த கிராஸ் குட்டிகள் வந்திருக்கின்றன. மால்டிபூ, காக்கபூ, ஷிபூ என்று பெயர்கள். விற்பவர் சொல்லும் முதல் வசனம், “முடியே கொட்டாது சார்.” இது பாதி உண்மை. பூடில், ஐரோப்பாவில் வேட்டையில் விழுந்த வாத்தைத் தண்ணீருக்குள் போய்க் கவ்விவந்த நாய். அதன் சுருள்முடி நம் தலைமுடி போல நீண்டு வளரும். உதிரும் முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும். பொமரேனியன் சோபாவில் போட்டதை இது தன் தோலின் மேலேயே சேர்த்து வைக்கிறது.

இரண்டாவது வசனம், “அலர்ஜி வராது.” இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்துவந்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக 1980களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் அலர்ஜி. பிறந்த குட்டிகள் மூன்று. முடியையும் எச்சிலையும் அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே ஈற்று, அப்படியும் மூன்றில் ஒன்று! பிறகு லாப்ரடூடில் என்ற பெயர் உலகமெங்கும் வியாபாரமானதைப் பார்த்து அவரே வருந்திப் பேசினார். 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பூடில், லாப்ரடூடில் வகைகளின் முடியில் அலர்ஜி தரும் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால், அந்தக் குட்டியோடு சில மணி நேரம் இருக்கவைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்கும்போது குட்டியைவிடத் தாயைத்தான் நன்றாகப் பார்க்கவேண்டும். வீடியோவில் காட்டி, “மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கோங்க” என்பவரிடம் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தாய் இருக்கும் இடம், அதன் தோல், அது ஆளைக் கண்டு ஒடுங்குகிறதா என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. கென்னல் கிளப் சான்று தூய இனங்களுக்கு உரியது. கிராஸ் குட்டிக்கு அந்தப் பேப்பர் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி.

இனி சீப்பு. மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, நெருக்கமும் அகலமுமாகப் பல் உள்ள இரும்புச் சீப்பு ஒன்று. அக்கா வைத்திருந்தது பிரஷ் மட்டும். அது சுருளின் மேல்பக்கத்தை அழகாகப் பஞ்சாக்கிவிடும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். இடது கையால் முடியை வகிடு எடுத்துத் தோல் தெரியும்படி பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக வேரிலிருந்து சீவவேண்டும், பூ வைக்கும் முன் அம்மா பின்னலுக்கு வகிடு எடுப்பது போல. கடைசியில் இரும்புச் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் ஓடவேண்டும், அதுதான் பரீட்சை. காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, வாலடி, பட்டை உரசும் கழுத்து ஆகிய இடங்களில்தான் முதலில் சடை விழும். ஆறாம் மாதத்துக்கு மேல் குட்டிமுடி போய்ப் பெரிய முடி வரும். அப்போது ஒரு நாள் விட்டாலும் மறுநாள் தெரியும்.

சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. நனைந்த சிக்கு இறுகி முடிச்சாகிவிடும். நம் ஷாம்பூ நாயின் தோலுக்கு ஆகாது. ஐப்பசி மழையில் துண்டால் துவட்டிவிட்டு விட்டால் போதாது, வேர்வரை காயாவிட்டால் வாடையும் பூஞ்சையும் வரும். தொங்கும் காதுக்குள்ளும் ஈரம் தங்கும்.

அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து மொட்டையடிப்பதும் தவறு. அரை அங்குலம் விட்டுக் கத்தரித்தால் காற்றும் படும், வெயிலும் சுடாது. தென்கால் கண்மாய்ப் பக்கமோ காலி மனைப் பக்கமோ நடந்து வந்தால், விரலிடுக்கில் ஒட்டுப்புல்லும் உண்ணியும் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடவேண்டும்.

இந்தக் குட்டிகளுக்குத் தினமும் கால்மணி நேரம் வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு முடி உடலோடு ஒட்டியிருக்கும் நம் தெருக்குட்டியே பொருத்தம். நல்ல துணையும்கூட.

அன்று முடி எடுத்தபின் குட்டி வெகுநேரம் பின்காலால் காதைச் சொறிய முயன்று, சொறிய ஒன்றும் இல்லாமல் நிறுத்தியது. பிறகு அக்காவின் மடியில் ஏறி, அந்த இடது காதை அவள் கைக்கே கொடுத்துத் தூங்கிவிட்டது.