வணிகத் துப்புரவு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

வணிகத் துப்புரவு நிறுவனம் என்பது அலுவலகம், கடை, மருத்துவமனை, தொழிற்கூடம் போன்ற இடங்களின் தூய்மைப் பணியை ஒப்பந்தத்தில் ஏற்று, தன் பணியாளர்களைக் கொண்டு செய்துதரும் நிறுவனம் ஆகும். தமிழ்நாட்டில் இதை ‘ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட்’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். இந்தியச் சட்ட நடைமுறையில் இத்தகைய நிறுவனம் ஒன்றை எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விலைப்புள்ளியைப் படிக்கும் முறை

மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கி, குறைந்த விலையைத் தேர்வதே வழக்கம். இந்தத் தொழிலில் அது ஆபத்தானது. துப்புரவுச் செலவில் பெரும்பங்கு கூலிதான். பினாயில், மாப், இயந்திரம் எல்லாம் சிறு பங்கு. எனவே ஒருவர் மற்றவர்களைவிட மிகக் குறைவாகக் கேட்டால், ஆள் குறைகிறது அல்லது ஆளின் கூலி குறைகிறது என்றே பொருள்.

இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஒரு பணியாளரின் மாத ஊதியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) நிர்வாகக் கட்டணம் உட்பட முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 1,560 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு, 390 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, ஏறத்தாழ 1,000 ரூபாய். ஆக 14,950 ரூபாய். விடுப்பில் செல்பவருக்கு மாற்று ஆள், சீருடை, துப்புரவுப் பொருள்கள், மேற்பார்வை, நிறுவனத்தின் லாபம் ஆகியவை இதற்கு மேல். சரக்கு சேவை வரி தனி. இந்நிலையில் ‘பொருள்களோடு சேர்த்து ஆளுக்கு 14,000’ என்று ஒருவர் எழுதித் தந்தால், அந்த விலைக்குச் சட்டப்படி வேலை நடக்க வழியில்லை. 12,000 என்ற இடத்தில் உங்கள் ஊருக்கு அரசு அறிவித்துள்ள குறைந்தபட்சக் கூலியை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி.எஃப். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கும், இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்கும் பொருந்துகிறது. ஐந்தாறு பேரை வைத்து நடத்தும் உள்ளூர்க்காரரின் விலை இதனாலேயே குறைவாக இருக்கலாம். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

பொறுப்பு யாருடையது?

‘ஆள் அவர்களுடையது, நமக்கென்ன’ என்று எண்ணுவது தவறு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை முதலாளி அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த விதி. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

ஆகவே ஒவ்வொரு மாதப் பில்லுடனும் வருகைப்பதிவேடு, வங்கி வழியாக ஊதியம் போட்டதற்கான சான்று, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். சலானில் மொத்தத் தொகை மட்டும் போதாது. உங்கள் கட்டடத்தில் வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியலும் வேண்டும். பில்லில் எட்டுப் பேர், காலையில் வந்து நிற்பவர் ஆறு பேர் என்பது இத்தொழிலின் பழைய தந்திரம். ஊதியத்தில் பி.எஃப். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடுவது இன்னொன்று. பணியாளர் தம் கைப்பேசியிலேயே பி.எஃப். கணக்கைப் பார்க்கலாம் என்பதால் இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது.

வேலை தெரிந்தவர்களா?

இடத்தை நேரில் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது. கழிப்பறை எத்தனை, ஒரு நாளில் எத்தனை முறை கழுவ வேண்டும், தரை மார்பிளா கிரானைட்டா என்பதெல்லாம் தெரியாமல் விலை சொல்ல முடியாது. ஒப்பந்தத்திலும் ‘முழுச் சுத்தம்’ என்று எழுதாமல் இவற்றை எண்ணிக்கையோடு எழுத வேண்டும்.

மேலாளரிடம் கேட்பதைவிட, அந்நிறுவனம் ஏற்கெனவே வேலை செய்யும் ஓர் இடத்துக்குப் போய்ப் பணியாளரிடம் இரண்டு கேள்வி கேட்டால் நிறைய தெரியும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்க்கலாமா? சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். மூடிய கழிப்பறையில் இது உயிருக்கே ஆபத்து. கழிப்பறை மாப்பை வேறெங்கு பயன்படுத்துவீர்கள்? எங்கும் இல்லை என்பதே சரியான விடை. நல்ல நிறுவனங்கள் கழிப்பறைக்கு ஒரு நிறம், சாப்பாட்டு அறைக்கு வேறொரு நிறம் என்று துணிகளைப் பிரித்து வைக்கின்றன. மார்பிள் தரையில் ஆசிட் ஊற்றுபவர் உங்கள் தரையின் பளபளப்பை ஒரே நாளில் போக்கிவிடுவார்.

செப்டிக் டேங்க்

‘அதையும் நாங்களே ஆள் விட்டு அள்ளிவிடுவோம்’ என்று சொல்லும் நிறுவனத்தை அந்த ஒரு சொல்லுக்காகவே நிராகரிக்கலாம். பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவ்வேலைக்கு உறிஞ்சு லாரியைத் தனியே அழைக்க வேண்டும்.

ஒப்பந்தம் மாறும்போது

முதல் மூன்று மாதத்தைச் சோதனைக் காலமாக வைத்து, ஒரு மாத அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம் என்று எழுதிக்கொள்வது வழக்கம். நிறுவனம் மாறினாலும் பல இடங்களில் பணியாளர்கள் மாறுவதில்லை. சீருடை மட்டும் மாறுகிறது. அப்போது பழைய நிறுவனம் தர வேண்டிய விடுப்பு ஊதியமும் போனஸும் காணாமல் போகின்றன. அவை கைக்கு வந்ததாகப் பணியாளர்கள் கையெழுத்திட்ட பிறகே பழைய நிறுவனத்தின் கடைசிப் பில்லுக்குப் பணம் தர வேண்டும்.