ரீசெட் பட்டனும் ஆறு லட்ச ரூபாயும்

மே மாதம். சென்னை. மூன்றாவது மாடி. ஏ.ஸி. நின்றுவிட்டது. ஒரு திகில் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன பார்க்கத் தெரியும்?) மொட்டை மாடியில் லாரி சைஸுக்கு ஒரு சில்லர். தண்ணீரை ஏழு டிகிரிக்குக் குளிர வைத்து, குழாய் வழியாக மாடி மாடியாக அனுப்பும் மெஷின். அதற்கு இதயம் கம்ப்ரஸர்.

அந்த இதயம் இருபது நிமிஷம் ஓடும். 'டக்'கென்று ட்ரிப் ஆகும். ஆபரேட்டர் பையன் ஓடிப்போய் ரீசெட் பட்டனை அமுக்குவான். மறுபடி இருபது நிமிஷம். இரண்டு நாளில் பதினோரு தடவை அமுக்கியிருந்தான். அவன் அதை அமுக்காவிட்டால், கீழே மேனேஜர் அவனை அமுக்கிவிடுவார்.

சர்வீஸ்காரர் வந்தார். பேனலில் 'ஓவர்லோடு' என்று விளக்கு எரிவதைப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. "கம்ப்ரஸர் போயிடுச்சு ஸார்!" ஆறு லட்சத்துச் சொச்சத்துக்குக் கொட்டேஷன். பாதி அட்வான்ஸ். செக் எழுதும் பாக்கியம் எனக்கு.

லட்சத்துக்கு மேல் போனால் இரண்டாவது கொட்டேஷன் வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. ஒப்புக்குக் கூப்பிட்டதுதான் அந்தப் பெரியவரை. மோட்டார் வைண்டிங் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். மெஷினைத் தொடாமல் முதலில் பையனிடம் போனார்.

"எவ்ளோ நேரத்துல ட்ரிப் ஆவுது தம்பி?"

"இருபது நிமிஷம்ண்ணே."

"போட்ட உடனே விழுந்தா வைண்டிங் மேல சந்தேகப்படலாம். சூடானப்புறம் விழுந்தா, எது சூடாவுதுன்னு தேடணும்."

மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். (415 வோல்ட் ஸார். நாம் யாரும் பேனலைத் திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம்.) கம்ப்ரஸர் ஒயர்களைக் கழற்றினார். மூன்று வைண்டிங்கிலும் ஒரே ரீடிங். மெக்கர் வைத்து பாடிக்குக் கரன்ட் கசிகிறதா என்று பார்த்தார். நூறு மெகாஓமுக்கு மேல் காட்டியது. "புள்ள நல்லாத்தான் இருக்கு" என்றார், பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி.

'அப்புறம் ஏன் ஓவர்லோடு?' என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பாங்க் பாஸ்புக், பணம் அதிகமாகப் போகிறது என்றுதான் சொல்லும். எடுத்தது யார் என்று சொல்லாது. ரிலேயும் அப்படித்தான். கரன்ட் அதிகம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஒயர்களைத் திரும்ப மாட்டி ஓட விட்டு, கான்டாக்டரில் மீட்டர் முனைகளை வைத்தார். மூன்று ஃபேஸையும் சேர்த்து இணைக்கும் பெரிய ஸ்விட்ச் அது. ஒரே ஃபேஸின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே வோல்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். இரண்டில் இருந்தது. மூன்றாவதில் நாலு வோல்ட்.

நாலு வோல்ட்தானே? கணக்கு எனக்கு வரும். ஓடிய கரன்ட் 75 ஆம்ப்ஸ். நாலால் பெருக்கினால் 300 வாட்ஸ். பழைய குண்டு பல்பு அறுபது வாட்ஸில் ஐந்தை ஒரு ஸ்க்ரூவுக்குள் வைத்து எரிக்கிற சூடு! சூட்டில் அந்த இணைப்பு விட்டுப்போகும். மூன்று ஃபேஸில் ஒன்று காலி. மீதி இரண்டும் 130 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். ரிலே விழும். ஆறியதும் இணைப்பு ஒட்டிக்கொள்ளும். பையன் ரீசெட் அமுக்குவான். சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் இருந்தது; ஆனால் அது கான்டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததால் பின்னால் நடந்த திருட்டு தெரியவில்லை.

மேனேஜர் வந்துவிட்டார், வியர்வையும் வெட்கமும் இல்லாமல் பேண்ட்டை மடித்துக்கொண்டு. "அந்த ரிலே செட்டிங்கைக் கொஞ்சம் ஏத்தி வச்சா ஓடாதா?"

"ஓடும் ஸார். ரெண்டு நாள் ஓடும். அப்புறம் அந்த ஆறு லட்சம் நிஜமாயிடும்."

வைண்டிங் உள்ளே எரிந்தால் ஆசிட் உண்டாகி குழாய் முழுக்கப் பரவுமாம். சுத்தம் செய்யாமல் புதுக் கம்ப்ரஸர் வைத்தால் அதையும் அரித்துத் தின்னும். அதைவிட வேடிக்கை, நாங்கள் ஆறு லட்சத்தில் புதுசு வாங்கியிருந்தாலும் அதே தீய்ந்த கான்டாக்டரில்தானே மாட்டியிருப்பார்கள்! பதினோரு ரீசெட்டும் சும்மா போகவில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பல மடங்கு கரன்ட். வைண்டிங் இன்சுலேஷன் தாங்கும் சூட்டுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுசு பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு.

மறுபடி மெயினைப் பூட்டிவிட்டு கான்டாக்டரைக் கழற்றினார். லக் கருகி, ஒயர் மேல்தோல் பிஸ்கட் கலரில். புதுக் கான்டாக்டர், மூன்று லக், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம்.

செக்கைக் கேன்ஸல் செய்தேன். பையனுக்கு மட்டும் பயம் தீரவில்லை. "நான் அமுக்கினதாலதான் எரிஞ்சுதாண்ணே?" என்று அவரைக் கேட்டான். "ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றவர், அவனை உட்கார வைத்து, ட்ரிப் ஆன நேரத்தையும் மூன்று ஃபேஸ் ஆம்ப்ஸையும் எழுத ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கருகிய கான்டாக்டர் இன்னும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. கொட்டேஷன் அதன் அடியில்.