சாகசச் சுற்றுலாவில் புதுமையும் பாதுகாப்பும்

ரிஷிகேசத்தில் கங்கையாற்று மிதவைப் பயணமும், இமாசலப் பிரதேசத்துப் பீர்-பில்லிங்கில் பாராகிளைடிங்கும் உள்ளூர் இளைஞர் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. இத்தொழில் வளரப் புதுமை தேவை. ஆயின், அப்புதுமையைச் சோதித்தறியும் பொறுப்பு யாருடையது என்பது இன்றியமையாத வினாவாகும்.

2023 ஜூன் 18 அன்று, வட அட்லாண்டிக் கடலில் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற ‘டைட்டன்’ நீர்மூழ்கிக் கலம் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அதன் கூட்டின் பெரும்பகுதி கரிம இழையாலானது. இத்தகைய ஆழத்திற்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கலங்களுக்கு அது புதிய பொருள். எனினும், தனித்த தரச்சான்று நிறுவனம் எதுவும் அக்கலத்தை ஆய்ந்து சான்றளிக்கவில்லை. 2018-லேயே துறை வல்லுநர்கள் விடுத்த எச்சரிக்கையும் பயனற்றுப் போயிற்று. பயணிகள் ஆபத்தை ஏற்பதாகக் கையொப்பமிட்டிருந்தனர். ஆனால் கூட்டின் வலிமையை அவர்கள் அறிய வழியில்லை. எனவே, பயணியின் ஒப்புதல் ஆய்வுக்கு ஈடாகாது.

நம் நாட்டிலும், 2018 ஜூன் மாதத்தில், உரிய விதிகள் வகுக்கப்படும் வரை மிதவைப் பயணத்தையும் பாராகிளைடிங்கையும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. விதிகளில் குறையிருப்பின், அதனால் முதலில் வருவாய் இழப்போர் படகோட்டிகளும் வழிகாட்டிகளுமே.

ஆகவே, நடத்துவோரைச் சாராத ஆய்வு, வழிகாட்டிகளுக்குத் தகுந்த பயிற்சி, ஆற்று நீர்மட்டமோ காற்றோ ஒவ்வாதபோது பயணத்தை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் ஆகிய மூன்றும் உரிமம் வழங்குவதற்கு முன்னரே உறுதிசெய்யப்படல் வேண்டும். அப்போதுதான் புதிய முயற்சிகள் மக்களின் நம்பிக்கையைப் பெற்று நிலைக்கும்.