வழியில் ஒரு பால்மரம்

ஜார்ஜ்டவுனில் காரில் ஏறினால் கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பசியாற நெடுஞ்சாலையில் ஓய்வுத்தலங்கள் உண்டு. அதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பதற்கென்று எங்கே நிற்பது? ஒரு பயணத்துக்கு ஒரே இடம், அதையும் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. தைப்பிங் ஏரிப் பூங்கா, ஈப்போ குகைக் கோயில் என்று அடுக்கிக்கொண்டே போனால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. கார் ஓட்டுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

நான் சொல்வது கோலகங்சார். ஒன்றரை மணி நேரம் ஓட்டி, முதுகு வலிக்கத் தொடங்கும்போது வருகிற ஊர். 1877-இல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று, நில அலுவலகத்தின் அருகே இன்னமும் மரமாக நிற்கிறது. பிரேசில் விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தது. பிறகு தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களுக்காகத்தானே நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினார்கள்!

ஒருமுறை என் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். "வெயில் ஏறினால் பால் நின்றுபோகும். அதனால் இருட்டிலேயே கிளம்பிடுவோம்" என்று பேரனிடம் சொன்னார்.

"அப்போ ஸ்கூலுக்கு எப்போ போவீங்க, பாட்டி?"

"போகலைடா" என்றார்.

இருபது நிமிடம்தான் நின்றோம். ஈப்போ வரும்வரை பையன் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். பாட்டி தூங்கவே இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம்; அன்று நெரிசலில் வீடு போய்ச் சேர்ந்தாலே போதும்.