அலைகடல் நடுவே ஒரு நாள் விருந்தாளிகள்

கடல் நம் முன்னோர்க்கு அந்நியமானதன்று. மரக்கலம் செலுத்தியதால் மரக்காயர் என்று பெயர் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகியவை கடலை நம்பி வளர்ந்த ஊர்கள். புனித ஹஜ்ஜுக்கும் அந்நாளில் கப்பலேறியே சென்றார்கள். மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்றுவந்த ஹாஜிகள் கப்பல் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. அதன்பின் பிறந்த நம் பிள்ளைகளுள் பலர் கப்பலில் ஓர் இரவேனும் உறங்கியறியார். பஜ்ரு வேளையில் தொலைவில் கரை தோன்றும்போது உண்டாகும் மகிழ்ச்சியையும் அறியார்.

அம்மகிழ்ச்சியை நண்பர்களோடும் குடும்பத்தோடும் பெற விரும்பும் வாசகர்களே, நீங்கள் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. கொச்சியில் கப்பலேறினால் போதும். லட்சத்தீவுகள் உங்களை வரவேற்கும். அங்கு மக்கள் வாழும் தீவுகள் பத்து. எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 64,473 பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள்.

பகலில் தீவு, இரவில் கப்பல் என்ற முறையில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளையும் காட்டும் ஐந்து நாள் பயணத்தை, 'சமுத்திரம்' என்னும் பெயரில் லட்சத்தீவின் அரசுச் சுற்றுலாப் பிரிவு நடத்தி வந்துள்ளது. தீவுகளுக்குச் செல்ல முன்அனுமதி கட்டாயம். அக்டோபர் முதல் மே மாத நடுப்பகுதி வரையே கடல் அமைதியாக இருக்கும். ஆகவே பயண ஏற்பாட்டையும் அனுமதியையும் முன்னதாகவே விசாரித்து உறுதி செய்துகொள்வது நலம்.

கொச்சியிலிருந்து கல்பேனி 287 கிலோமீட்டர், மினிக்காய் 398, கவரத்தி 404. மாலையில் கப்பல் புறப்பட்டால் ஓர் இரவு கடலிலேயே கழியும். மேல்தளத்தில் நண்பர்கள் வட்டமாக அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டங்களைப் பகிர்ந்துண்டு, விண்மீன்களைப் பார்த்திருக்கும் அந்த இரவே பயணத்தின் முதல் பரிசு. பயணிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையையும் மறவாதீர்கள். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் வழியுண்டு. ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த வேளையிலேயே தொழுவர். கிப்லா அங்கிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே அமையும். கப்பல் திரும்பத் திரும்பத் திசையும் மாறும். மாலுமிகளிடம் கேட்டறிந்து நில்லுங்கள்.

காலையில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிடும். உட்புறம் ஆழம் குறைவாதலால் பெரிய கப்பல் நுழைய இயலாது. சிறு படகுகளில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். கருநீலக் கடல் திடீரெனப் பச்சையாக மாறுவதையும், தெளிந்த நீரின் அடியில் வெண்மணல் தெரிவதையும் கண்டு குழந்தைகள் கூவி மகிழ்வார்கள். அவர்களுக்கு உயிர்காப்பு மேலங்கியை அணிவித்து, கையைப் பிடித்து இறக்குவது பெரியவர்களின் பொறுப்பு.

கரையில் கால் வைத்ததும் ஓர் உண்மையை மனத்தில் இருத்துங்கள். நீங்கள் இறங்கியது கேளிக்கைத் திடலில் அன்று. ஒரு சமுதாயத்தின் வீட்டு முற்றத்தில். எதிர்ப்படுவோர்க்கு முதலில் ஸலாம் சொல்லுங்கள். மொழி புரியாவிடினும் அந்த ஒரு சொல் கதவைத் திறக்கும். குடியிருப்புகளின் அருகே கண்ணியமான உடையில் நடமாடுங்கள். பெண்களையும் வீடுகளையும் அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள்.

கவரத்தி 1964 முதல் தீவுகளின் தலைநகராக விளங்குகிறது. அங்குள்ள உஜ்ரா பள்ளிவாசலின் மரவேலைப்பாடு காணத்தக்கது. கடலில் மிதந்து வந்த மரத்தில் அதன் கூரைச் சிற்பம் செதுக்கப்பட்டதாகத் தீவினர் சொல்வர். அங்கே ஜமாஅத்தில் சேரும் வாய்ப்புக் கிட்டினால், உள்ளூர் இமாமைப் பின்பற்றும் பயணி தொழுகையைச் சுருக்காமல் முழுமையாகவே தொழ வேண்டும் என்பதை நினைவில் கொள்க.

கல்பேனி, கடற்குளியலுக்கும் படகோட்டத்துக்கும் ஏற்ற தீவு. மற்றத் தீவுகளுக்கு முன்னரே பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது இத்தீவே என்பர். இங்கெல்லாம் சொத்து தாய்வழியே செல்லும் மரபு நெடுங்காலமாக உண்டு. கணவர் மனைவியின் இல்லத்துக்குச் சென்றுவருவார். மணமான மகளைத் தாய்வீட்டிலேயே வைத்துப் பேணும் காயல், கீழக்கரை மக்களுக்கு இது வியப்பளிக்காது.

மினிக்காயில் மக்கள் பேசுவது மலையாளமன்று. மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல். அது வலமிருந்து இடமாக எழுதப்படும். 1885-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கலங்கரை விளக்கம் இங்கு உயர்ந்து நிற்கிறது. நம் வீட்டுச் சம்பலுக்கு மணமூட்டும் மாசி உருவாகும் இடங்களுள் இதுவும் ஒன்று. தூண்டிலில் பிடித்த சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து மாசியாக்குகிறார்கள். சமையலறையில் நாள்தோறும் இடித்துப் போடும் பொருளின் பின்னே எத்தனை பேரின் உழைப்பு உள்ளது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

நண்பகலில் தென்னை நிழலில் சோறும் மீன் குழம்பும் உண்டு, சற்றே கண்ணயரும்போது, அருகிலிருக்கும் கிணற்றையும் நினைத்துப் பாருங்கள். இத்தீவுகளில் ஆறில்லை, மலையில்லை. பெய்யும் மழை பவள மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதுவே தீவினரின் குடிநீர். மிகுதியாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். இக்குறையை நீக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது. கடலின் வெதுவெதுப்பான மேல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் முறை அது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஆறே இல்லாத தீவில் குளியலுக்கும் ஒளுவுக்கும் எவ்வளவு சிக்கனம் வேண்டும்!

பவளமும் அவ்வாறே. அது கல்லன்று, உயிர். அலையின் வேகத்தைத் தடுத்து, கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேயுள்ள இந்நிலத்தைக் காக்கும் மதில் அதுவே. 1847-ஆம் ஆண்டின் பெரும்புயல் ஆந்த்ரோத்தையும் கல்பேனியையும் சூறையாடியது. அது குவித்த பவளச் சிதைவுகள் கல்பேனிக் கரையோரம் திட்டாக உள்ளன. கடல் வெப்பம் மிகுந்ததால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. எஞ்சியவற்றின் மீது நாம் ஏறி மிதித்தால் நம் விருந்தோம்பிகளின் மதிலையே இடிக்கிறோம். பவளத்தை ஒடித்து நினைவுப் பொருளாக எடுத்து வருவது சட்டப்படியும் குற்றம். கண்ணாடித் தளப் படகிலிருந்து பார்த்து, 'சுப்ஹானல்லாஹ்' என்று வியந்து, இருந்த இடத்திலேயே விட்டு வாருங்கள். தண்ணீர்ப் பாட்டில்களையும் நெகிழிப் பைகளையும் ஒன்றுவிடாமல் கப்பலுக்கே திரும்பக் கொண்டு செல்லுங்கள். இத்துணைச் சிறிய நிலத்தில் குப்பையைக் கொட்ட இடமேது?

ஹஜ்ரத் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 41-இல் கப்பல் உடைந்து அமினித் தீவில் கரையேறினார்கள் என்பது தீவினரின் நெடுநாள் நம்பிக்கை. முதலில் எதிர்ப்பையே சந்தித்தார்கள் என்றும், பின்னர் ஆந்த்ரோத் சென்று, அங்கேயே அடக்கமானார்கள் என்றும் சொல்வர். கடல் கொண்டுவந்து சேர்த்த அந்த விருந்தாளி விட்டுச் சென்றது தீன் எனும் ஒளி.

நாம் சில மணி நேர விருந்தாளிகள். நண்பர்களோடு சிரிக்கலாம், நீந்தலாம், உண்ணலாம். ஹலாலான இன்பத்தை இறைவன் தடுக்கவில்லை. ஆயினும் மாலையில் படகேறும்போது, கரையில் நாம் விட்டுச் செல்வது ஒரு ஸலாமும், ஒரு துஆவும், நல்ல பெயருமாகவே இருக்கட்டும். அடுத்து வரும் விருந்தாளிக்கும் அக்கரை அவ்வாறே தூய்மையாகக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.