கடலோரக் கணக்கு – 12: பெயர் வைக்கப்படாத புயல்கள்

1978 நவம்பர் சூறாவளியைச் சென்ற வாரத்தோடு முடித்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒலுவில் துறைமுக வாயிலில் குவியும் மணலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த மணலைத் தள்ளிக்கொண்டு வருவது யார் என்று பார்க்கப்போக, விசயம் ஆறாயிரம் கிலோமீற்றர் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆசிரியர் தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார். இருந்தாலும் இதைச் சொல்லாமல் மணலுக்குப் போக முடியாது.

சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுக்கும் ஒருவர் கேட்ட கேள்விதான் இதற்கெல்லாம் தொடக்கம். கச்சான் காலம். நம் பக்கத்துக் கடல் தணிந்து, கரைவலைக்காரருக்கு நாலு காசு கிடைக்கும் மாதங்கள். "காத்துமில்ல, மழயுமில்ல. கடல் மட்டும் என்னத்துக்கு காக்கா இப்பிடி வந்து அடிக்குது?" என்றார்.

காற்று இருக்கிறது, இங்கே இல்லை. உலகப் படத்தை விரித்துப் பொத்துவிலில் விரலை வைத்து நேர் தெற்கே இழுத்துப் பாருங்கள். அந்தாட்டிக்காப் பனிக்கட்டி வரைக்கும் விரலில் ஒரு துண்டு நிலம்கூடத் தட்டுப்படாது. அந்த வெறுங்கடலில், தெற்கு அகலாங்கு 40க்கும் 60க்கும் இடையில், வருடம் முழுவதும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் வங்காள விரிகுடாச் சூறாவளி வெதுவெதுப்பான கடல்நீரின் வெப்பத்தை உண்டு வளர்வது. தெற்கே நடப்பது வேறு. அந்தாட்டிக்காவின் குளிர்ந்த காற்றும் வடக்கிலிருந்து வரும் சூடான காற்றும் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் தாழமுக்கம் பிறக்கிறது. அதன் அகலம் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் வரை போகும். நமது மே முதல் செப்டெம்பர் வரை அங்கே மாரிகாலம் என்பதால் அந்த மாதங்களில் இவற்றின் உக்கிரம் அதிகம். இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதியில் இவற்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. பெஞ்சல், டித்வா என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் பெயர்களுக்கு நடுவே, நம் கரையில் மிக அதிக நாட்கள் வேலை செய்யும் புயல்கள் பெயரில்லாமலே கிடக்கின்றன.

இதில் ஒரு சூட்சுமம். தென் அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளின் திசையில் சுழலும். ஆகவே புயலின் மேற்குப் புறத்தில் காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசும். நமக்கு அலை அனுப்புவது அந்தப் பக்கம்தான். நம் நெடுங்கோட்டைத் தாண்டிப் புயல் கிழக்கே போன பிறகுதான், அதன் பின்புறம் நம்மை நோக்கிக் கடலைத் தள்ளிவிடுகிறது.

இனி, இந்த அலைகளின் பயணத்தை அளந்து காட்டியவர், இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத ஆள். வோல்ட்டர் மங்க். 1917இல் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து, 101ஆவது வயதில் 2019இல் காலமான கடலியலாளர். 1944இல் நோர்மண்டிக் கரையிறக்கத்துக்கு அலை கணிக்க உதவிய முறையை, ஸ்வெர்ட்ரூப் என்ற மூத்த கடலியலாளருடன் சேர்ந்து வகுத்தவர் இவரே. யுத்தம் முடிந்த பிறகு, 1950களில், மெக்சிக்கோவுக்கு அப்பால் குவாதலூப்பே என்ற தீவின் அருகே கடலடியில் அமுக்கமானிகளை இறக்கி வைத்தார். கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாத, மிக நீளமான, மிகத் தாழ்ந்த அலைகள் அதில் பதிவாயின. அவை கிளம்பிய இடத்தைக் கணக்குப் போட்டால் நம் இந்து சமுத்திரம்! நியூசிலாந்துக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடைப்பட்ட வழியால் நுழைந்து, பசிபிக்கைக் குறுக்கே வெட்டி, ஏறத்தாழ அரை உலகத்தைக் கடந்து போயிருக்கின்றன.

எப்படிக் கணக்குப் போட்டார்? ஆழ்கடலில் நீளமான அலை வேகமாக ஓடும், குட்டையானது பிந்தும். கல்முனையிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் புறப்பட்டால், இரண்டும் வந்து சேரும் நேர இடைவெளியை வைத்தே அவை வந்த தூரத்தைச் சொல்லிவிடலாமே, அதுதான். 20 செக்கனுக்கு ஒருமுறை வரும் அலைக்கூட்டம் மணிக்கு 56 கிலோமீற்றர் போகும், நாளொன்றுக்கு 1,350. 14 செக்கன் அலைக்கூட்டம் மணிக்கு 39. நாளொன்றுக்கு 940 சொச்சம். பொத்துவிலில் 20 செக்கன் அலை வந்து இரண்டு நாள் கழித்து 14 செக்கன் அலை வந்தால், புயல் இருந்த இடம் சுமார் 6,250 கிலோமீற்றர் தூரம். அதாவது தெற்கு அகலாங்கு 49. கெர்குலென் தீவுகள் இருக்கும் கோடு. முன்னோடி அலைக்குப் பயணம் நாலரை நாளுக்குச் சற்று மேல், பிந்தியதற்கு ஆறரைக்குச் சற்று மேல். செய்மதியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். மணிக்கூடு ஒன்று போதும்.

மங்க் அதோடு விடவில்லை. 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை ஒரே கோட்டில் ஆறு இடங்களில் ஆட்களை நிறுத்தினார். தான் மனைவி, இரண்டு மகள்மாருடன் சமோவாவில் போய் இருந்துகொண்டார். ஹவாய்க்கு வடக்கே ஆள் வைக்கத் தீவு கிடையாது. அங்கே பிளிப் என்ற கலத்தை அனுப்பினார்கள். 108 மீற்றர் நீளமான அது, இடத்துக்குப் போனதும் பின்பகுதிக்குள் கடல்நீரை ஏற்றி, தலை மேலாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும். நீருக்குக் கீழே 90 மீற்றர் போய்விடும், அலையில் ஆடாது. உள்ளே சுவரெல்லாம் தரையாகிவிடும் என்பதால், கழுவு தொட்டிகூட இரண்டு நிலைக்கும் ஏற்றபடி வைத்திருந்தார்கள். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பீர்கள். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் கண்டுபிடித்தது இது: புயலின் எல்லையைத் தாண்டிய பிறகு அந்த நெடிய அலைகள் அலாஸ்கா வரைக்கும் தம் பலத்தை மிகச் சொற்பமாகவே இழக்கின்றன.

செய்மதி வந்த கதையும் நம் கதையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கடல்மேல் காற்றையும் அலையையும் ராடாரால் அளக்கவென்றே அனுப்பப்பட்ட சீசாற் 1978 யூனில் ஏவப்பட்டு, ஒக்டோபர் 10இல் மின்கோளாறால் செத்துப்போனது. நம் சூறாவளிக்கு ஆறு கிழமைக்கு முன்னர்!

இப்போது பிறக்கும்போதே புயலைப் பிடித்துவிடுகிறார்கள். 2024 ஏப்ரல் 26இல் தென் அத்திலாந்திக்கில் கிளம்பிய நெடிய அலைகள், 28ஆம் திகதி தென் இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்து, மே 4 அதிகாலை இந்தியாவின் தென் கரையைத் தொட்டன. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. இருந்தும் மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோனது. 2007 மே மாதத்திலும் இப்படித்தான். தென்னாபிரிக்காவுக்குத் தெற்கே எழுந்த ஒரு புயலின் அலை 12ஆம் திகதி ரியூனியன் தீவைத் தாக்கி, 15ஆம் திகதி மாலைதீவுக்குள் புகுந்தது. மாலைதீவில் அன்று புயல் எதுவும் இல்லை.

அறுகம்பைக்கு வெள்ளைக்காரர் பலகையோடு வந்திறங்குவதும் இந்தப் புயல்களை நம்பித்தான். அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றித் தெற்கு அலை வளைந்து, வரிசையாக உடைகிறது. கல்முனை கிழக்கைப் பார்த்த கரை என்பதால் அந்த அழகு நமக்கு வாய்க்கவில்லை. இங்கே அலை சரிவாக வந்து மணலை வடக்கே உருட்டுகிறது. ஒலுவிலில் அந்த மணலை அலைதடுப்புச் சுவர் மறிக்கிறது. துறைமுகத்துக்கு வடக்கே கரை தேய்கிறது. அதன் மிச்சம் அடுத்த வாரம், இனித் தவறாது.

அதற்கிடையில் இரண்டு காரியம். காற்றில்லாத நாளில் அலை பெருத்து வந்தால், மணிக்கூட்டைப் பிடித்து அடுத்தடுத்த பதினொரு அலை உடையும் நேரத்தை எடுத்துப் பத்தால் பிரியுங்கள். உள்ளூர்க் காற்றின் அலையென்றால் ஐந்தாறு செக்கன்தான் வரும். பதினைந்தைத் தாண்டினால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். வானொலியில் அம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரையான கடற்பரப்புக்கு வளிமண்டலவியல் திணைக்களம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். மற்றது, துறைமுக வேலை தொடங்கிய 2008க்கு முந்திய ஒலுவில், நிந்தவூர்க் கரைப் படங்கள் எவர் வீட்டு அல்பத்திலாவது இருந்தால், பிரதியொன்றை இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். கல்யாணப் படமானாலும் பரவாயில்லை, பின்னால் கரை தெரிந்தால் போதும்.